சந்தனம் பூசின மவுஸ்

கம்ப்யூட்டர் படிப்பிக்கிறதும் சைக்கிள் ஓடப் பழக்கிறதும் ஒண்டுதான்: விழுறது படிக்கிறவை, மூச்சு வாங்கிறது படிப்பிக்கிற நாங்கள். இந்தத் தொழிலிலை மாரடிச்ச உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கறுப்புத் திரை ராசா

தொண்ணூறுகளிலை லண்டன் விம்பிள்டனிலை ஒரு மண்டபத்தை எடுத்து, சனிக்கிழமையிலை எங்கடை சனத்துக்கு வகுப்பு நடத்தினனான். அப்ப கறுப்புத் திரையிலை கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடிக்கவேணும். எனக்கு எல்லாம் பாடம். படிக்க வந்தவை பின்னாலை நிண்டு வாய் பிளந்து பாப்பினம். பிறகு விண்டோஸ் வந்துது. படத்தைப் பாத்து மவுஸை அமத்தினால் காணும். எனக்கு உள்ளுக்குள்ளை ஒரே எரிச்சல். வகுப்பிலை மூத்தவர் கந்தசாமி அண்ணை, ஊரிலை பஸ் ஓடினவர், முதல் நாளே சொல்லிப்போட்டார்: "தம்பி, நீர் பாடமாக்கினதெல்லாம் இதிலை எழுதியே கிடக்கு. இனி உம்மட்டை என்னத்தைப் படிக்கிறது?"

ஓடிப்போற அம்பு

பாக்கியம் அக்கா ஊரிலை கச்சேரி எண்ட அரசாங்க அலுவலகத்திலை டைப்பிஸ்ட். இஞ்சை ஹவுன்ஸ்லோவிலை இருந்து எயார்போட்டுக்குப் போய்க் கக்கூஸ் துடைக்கிற ஷிப்ட். அங்கை ஒரு சரக்குக் கொம்பனியிலை கிளாக் வேலை வந்துது. விண்டோஸிலை கடிதம் அடிச்சுக் காட்டவேணும். பாஸ் பண்ணினால் துடைப்பத்தை விடலாம்.

விரலைப் பாக்காமல் அடிப்பா. மவுஸைத் தொட்டால் மட்டும் திரையிலை அம்பு மூலைக்கு ஓடும். என்னைப் பழைய ஆள் எண்டு சனம் சொல்லிப்போடும் எண்ட பயத்திலை நானும் மவுஸைப் பிடியுங்கோ, மவுஸைப் பிடியுங்கோ எண்டே நிண்டன். ரண்டு மாதமாகியும் சரிவரேல்லை. "பத்து விரலும் வேலை செய்யுது தம்பி. இந்த ஒரு சாமான்தான் என்னைத் திரும்பக் கக்கூசுக்கு அனுப்பப் போகுது."

சில்லுக்குப் பொட்டு

சோதினைக்கு முந்தின சனி. அதுக்கு முதல் கிழமை சரஸ்வதி பூசை. கம்ப்யூட்டர் நாலுக்கும் பொட்டு வைக்கிற பொறுப்பைக் கந்தசாமி அண்ணையிட்டை விட்டிருந்தன். மனிசன் பஸ் சில்லுக்கு வைக்கிற மாதிரி, மவுஸைப் பிரட்டி அடியிலை உருளுற குண்டுக்கும் சந்தனம் அப்பியிருக்கிறார். அது காய்ஞ்சு இறுகி, நாலு அம்பும் அசையேல்லை. அக்காவுக்குக் கண் கலங்கிப்போச்சு.

நான் பல்லுக்குத்தியாலை சுரண்டிக்கொண்டே, வேறை வழியில்லாமல் சொன்னன்: மெனுவிலை ஒவ்வொரு சொல்லிலையும் ஒரு எழுத்துக்குக் கீழை கோடு கிடக்கு, ஆல்ட்டை அமத்தி அந்த எழுத்தைத் தட்டுங்கோ எண்டு. தட்டினா, மெனு திறந்துது. பிறகு நிப்பாட்டவே இல்லை. கடிதத்தை அடிச்சு, பிரிண்டும் எடுத்து, தாளும் கையுமா என்னை முறைச்சா: "ரண்டு மாதமா இதை ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?"

வேலைக் கடிதம்

சோதினையிலை மவுஸைத் தொடாமலே எல்லாருக்கும் முதல் முடிச்ச அக்காவைக் கூப்பிட்டு, எங்கை படிச்சனீங்கள் எண்டு அதை நடத்தின வெள்ளைக்கார மனிசி கேட்டாவாம். அக்கா என்ரை பேரைச் சொல்லியிருக்கிறா. அடுத்த சனி வேலைக் கடிதத்தோடை வந்து நிண்டா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. கந்தசாமி அண்ணை கண்ணாடியைப் போட்டு அதை ரண்டு தரம் வாசிச்சார். "சந்தனம் வைச்ச கையைப் பற்றியும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், பிள்ளை."

மவுஸை அடைச்சது அவர், தட்டி வெண்டது அக்கா, பெருமைப்பட்டுக்கொண்டு திரியிறது மட்டும் இண்டுவரைக்கும் நான்தான்.