வெற்றிலைத் தட்டும் கவிழ்க்காத படகும்

“வெத்தல தட்டு வெச்சிக்கினு நிக்கிறாங்க, இப்போ போயி படகக் கவுக்கச் சொல்றியே பாய்? வாய்ல நல்ல வார்த்தயே வராதா உனக்கு?”

இதைச் சொன்னவன் தனசேகர். பழவேற்காட்டுப் பக்கம் பழைய ஃபைபர் படகுகளை வாங்கி விற்கும் புரோக்கர். அவன் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருடம் ஃபைபர் வேலை பார்த்தவன் நான். அன்றைக்கு எங்கிருந்தோ வந்து தொலைத்த அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. ஆசிட் டேங்க்குக்கு உள்ள மதிப்பு

நான் தொழில் கற்றது கும்மிடிப்பூண்டியில், ஃபைபர் டேங்க் செய்யும் ஒரு கம்பெனியில். பொன்னேரியில் ரயில் பிடித்துப் போய்வருவேன். முதல் நாள் ரெசின் பசையையும் தொடவிடவில்லை, அதில் நனைத்து ஒட்டுகிற கண்ணாடி இழை மேட்டையும் தொடவிடவில்லை. சூப்பர்வைசர் ஒரு சின்ன மரச்சுத்தியலைக் கையில் கொடுத்தார்.

“ஒரு ஜாண் விடாம தட்டிக்கினே வா. கணீர்னு கேட்டா ஓகே. தொப்புனு கேட்டா உள்ள காத்து கீது, இல்ல தண்ணி கீது. சாக்பீஸ்ல மார்க் பண்ணு.”

நாள் முழுக்கத் தட்டினேன். பிறகு டேங்க்கைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார்கள். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைப்பார்கள். அதற்கப்புறம்தான் லாரியில் ஏறும். ஆசிட் ஊற்றுகிற பாத்திரத்துக்கு இத்தனை சோதனை. ஊருக்குத் திரும்பி ரிப்பேர் ஷெட் போட்ட பிறகு பார்க்கிறேன், மனுசன் ஏறிக் கடலுக்குப் போகிற படகுக்கு ஒரு சோதனையும் இல்லை. பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதா, இந்தப் படகு யாருக்கு ராசியாக இருந்தது, இவ்வளவுதான் கேள்வி. என்ன அநியாயம் இது!

2. நல்ல நேரம்

ஏழுமலையும் அவன் மனைவி சுகந்தியும் பழைய படகு ஒன்று பார்த்துத் தரச் சொல்லி வந்தார்கள். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைக்கும். முறை வருகிற நாளில் சொந்தப் படகோடு போய் நிற்க வேண்டும். படகு இல்லையென்றால் அந்த முறை போனதுதான். அதுவரை இரவல் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஏழுமலைக்கு அப்பாவின் பாடு கைமாறி வந்திருந்தது. புதுப் படகு வாங்க வழியில்லை.

தனசேகர் ஒரு படகு இருப்பதாகச் சொன்னான். பார்க்கிற நாளையே விலை முடித்து வெற்றிலை பாக்கு மாற்றுகிற நாளாகவும் வைத்துவிட்டான். வளர்பிறை, நல்ல நேரம், விட்டால் வேறு பார்ட்டி தூக்கிக்கொண்டு போய்விடும் என்றான். அதில் இருந்த சூது எனக்கு உறைக்கவில்லை.

இந்தக் கரையில் ரிப்பேருக்காகப் படகைக் கவிழ்ப்பது தினமும் நடக்கிற காரியம்தான். ஆனால் வெற்றிலை மாற்றுகிற அன்றைக்குக் கவிழ்க்க மாட்டார்கள். கவிழ்ப்பது என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார்கள். குடும்பத்துக்கு ஆகாது என்பது சாங்கியம்.

நீல பெயின்ட், சிவப்புப் பட்டை, முன்முனையான அணியத்தில் மஞ்சள் பூசிக் கதம்பம் சுற்றி, படகு கல்யாணப் பெண் மாதிரி நின்றது. நான் தளப்பலகைக்கு மேலே தெரிந்த உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தட்டினேன். இன்ஜின் மாட்டுகிற பின்பலகையையும் தட்டினேன். எல்லாம் கணீரென்றுதான் இருந்தது. அடிப்பக்கம் மணலில் பதிந்திருந்தது. கவிழ்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அப்போதுதான் தனசேகர் மேலே சொன்னதைச் சொன்னான்.

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். சுகந்தி கையில் தட்டு. நான் முஸ்லிம். அடுத்தவர் சாங்கியத்தில் போய் மூக்கை நுழைக்கலாமா என்று தயங்கினேன். எதிரில் நின்ற மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

“மேலாப்புல ஓகேதான்” என்றேன். அடிப்பக்கம் பார்க்காத ஓகே எந்த ஊர் ஓகே?

3. கோணிச் சாக்கு

அந்தப் பாடு முறையில் நல்ல இறால் கிடைத்தது. முறை இல்லாத நாட்களில் ஏழுமலை கடலுக்குப் போனான். மூன்றாம் மாதம் முகத்துவாரத்தில் அலை ஒன்று படகைத் தூக்கி மணல்மேட்டில் வைத்தது. சாதாரண அடி. நல்ல படகு தாங்கும். இது தாங்கவில்லை. அடி பிளந்து தண்ணீர் புகுந்து, இன்ஜினும் வலையும் போய்விட்டன. காலி டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தவனை வேறொரு படகு தூக்கி வந்தது. உயிர் பிழைத்தது அல்லாஹ் புண்ணியம்.

உடைந்த படகைக் கரைக்கு இழுத்து வந்ததும் போய்ப் பார்த்தேன். படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற ஏராவின் நடுவில் இரண்டு ஜாண் நீளத்துக்குப் பழைய உடைப்பு. அதில் ஃபைபர் மேட் ஒரு துண்டுகூட இல்லை. கோணிச் சாக்கைத் திணித்து, பட்டி பூசி, மேலே அந்த நீல பெயின்ட். சாக்கில் அரிசி மண்டி அச்சு பாதி அழியாமல் இருந்தது. கதவுக்குப் பட்டி வைக்கிற கார்பென்டர்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

நேராகத் தனசேகரிடம் போய்க் கத்தினேன். அவன் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கைகூடக் கழுவவில்லை.

“இன்னாத்துக்கு பாய் பேஜாரு பண்ற? நான் புரோக்கரு. பாத்து ஓகே சொன்னது நீதான?”

திருட்டுப் பயல். ஆனால் அவன் கேட்டதில் பொய் இல்லை.

4. இரண்டாவது தட்டு

ஏழுமலை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு கான்ட்ராக்ட் கூலியாகப் போனான். பல மாதம் கழித்து சுகந்தி என் ஷெட்டுக்கு வந்தாள். திட்டப் போகிறாள் என்று எழுந்து நின்றேன்.

“அலைக்குப் பயப்படாதவரு, இப்போ கம்பெனி கேட்டாண்ட செக்யூரிட்டி முன்னாடி கைகட்டிக்கினு நிக்கிறாரு பாய். அடுத்த மாசம் எங்க பாடு வருது. இந்த மொறயும் போச்சுன்னா அந்த மனுசன் இனிமே தண்ணில கால வெக்க மாட்டாரு. ஒரு படகு பாத்துக் குடு.”

“என்னயா கேக்கற? நான் பாத்துக் கெட்டது போதாதாம்மா?”

“பட்டவன் நீதான். இனிமே உட மாட்ட.”

அவர்கள் வசதிக்கு ஏற்ற படகு மறுபடியும் தனசேகரிடம்தான் இருந்தது. மறுபடியும் வளர்பிறை, நல்ல நேரம். இந்தத் தடவை பச்சை பெயின்ட். ஏழுமலையும் லீவு போட்டு வந்திருந்தான். நான் மணலில் உட்கார்ந்து அடிப்பக்கம் கையை விட்டுத் தடவ முயன்றேன். தனசேகர் உடனே ஆரம்பித்தான்.

“பாய், நல்ல காரியம் நடக்குது. கவுக்கறேன் கிவுக்கறேன்னு ஆரம்பிச்சிடாத.”

நான் மறுபடியும் பணிந்து கையை வெளியே எடுத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. சுகந்தி வெற்றிலைத் தட்டை மணலில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“சாங்கியம் எங்குளுது. எங்க சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அங்க யாருப்பா, நாலு பேரு வந்து கை குடுங்க. கவுருங்க இத!” என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். “பாய், எங்க சாமிக்கு நீ எதுக்குப் பயப்படற? நீ உன் வேலயப் பாரு!”

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். படகு கவிழ்ந்தது. தட்டினேன். நடு ஏராவில் சுத்தியல் தொப்பென்றது. பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே கோணி. கூடியிருந்தவர்கள் தனசேகரைப் பார்த்த பார்வையில் அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நழுவப் பார்த்தான். ஏழுமலை அவன் சட்டையைப் பிடித்தான்.

“இதுல என்ன அனுப்பனா எம்பொண்டாட்டி தாலி என்னாத்துக்கு ஆவும்? சொல்லுடா!”

நான் தடுக்கவில்லை.

சவுக்குத் தோப்போரம் வேறொரு படகு ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தது. பெயின்ட் உரிந்து, நாலு இடத்தில் ஒட்டுப் போட்டு, பார்க்கவே கண்றாவியாக இருந்தது. “அத்தயெல்லாம் எவன் வாங்குவான்” என்று தனசேகர் அதுவரை காட்டவே இல்லை. ஒரு ஜாண் விடாமல் தட்டினேன். ஒட்டுப் போட்ட இடம் உட்பட எல்லாமே கணீரென்றது. யாரோ ஒருவன் நாணயமாக மேட் வைத்து ரெசின் விட்டிருந்தான். அந்தக் கண்றாவியைத்தான் வாங்கினோம். பின்பலகையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பாடு வந்த நாளன்று ஏழுமலை ஏரியில் இறங்கினான். சுகந்தி கரையில் நின்று, பெயின்ட் இல்லாத அணியத்தில் மஞ்சள் பூசினாள்.

தொழிலுக்கு வருகிறவர்களே, அடுத்தவர் சாங்கியத்தை மதியுங்கள். அதை ஒருவன் மூடியாக வைத்து ஓட்டையை மறைத்தால் மட்டும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கவிழ்த்துப் பார்க்க விடாத படகுக்கு நான் இப்போது சுத்தியலையே எடுப்பதில்லை.

அந்த நீலப் படகின் அடித்துண்டைக் கோணியோடு அறுத்து ஷெட் வாசலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இந்த அயோக்கியத்தனத்தைப் பண்ணியது யார் என்று கேட்பார்கள். பண்ணியது யாரென்று சொல்வேன். அதைப் பார்த்து ஓகே சொன்னது நான் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.