புரட்டாசியில் மாறிப்போன கேரியர்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. மீதி மூன்றும் என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனவை. ஏழு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பினேன். எனக்குப் படிப்பு கையெழுத்தோடு நின்றுபோயிற்று. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

நான் சாப்பாட்டுக் கூடைக்காரி. கொருக்குப்பேட்டையில் வீடு வீடாகப் போய் இருபது கேரியர் வாங்கி, ஒரே கூடையில் அடுக்கி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு, திருவொற்றியூர்ச் சாலைக் கம்பெனியில் பகல் சங்கு ஊதுவதற்குள் கொண்டுபோய்க் கொடுப்பேன். இருபத்தைந்து வருஷம் செய்தேன். இது ஒரு பெரிய விஷயம் என்று எனக்கே தெரியாது. காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

மூவரும் சரித்திரம் படிக்கிறவர்கள். சரித்திரம் என்றால் ராஜா கதை என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கு ராஜாவே வேண்டாமாம். ஒருவனுக்கு எண்ணூர் உப்பளம். இன்னொருவனுக்குத் தெருக் கைபம்பு. அவன் எங்கள் தெருப் பம்பை அரை மணி நேரம் அடித்து அடித்துப் பார்த்தான். அது வறண்டு பல வருஷமாகிறது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்றாவது ஒரு பெண், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். அவளுக்குச் சாப்பாட்டுக் கூடை, அதாவது நான்.

ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். என் கூடையை இஞ்சு டேப்பால் அளந்தாள். சும்மாட்டைப் போட்டோ எடுத்தாள். முதல் மாதம் "என்ன பாட்டி" என்றவள், மூன்றாம் மாதம் "இன்னா ஆயா" என்று வந்து நின்றாள். ஏதோ படிப்பு ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கேட்டாள்: "எழுதப் படிக்கத் தெரியாம எப்படி ஆயா மாத்தாம குடுத்தீங்க?"

ஒவ்வொரு கேரியர் பிடியிலும் ஒவ்வொரு துணி கட்டியிருப்பேன். சிவப்புப் புடவைக்கரை ஒரு வீடு, பச்சைக் கட்டம் ஒரு வீடு. அதைச் சொல்லிவிட்டு, "ஒரு நாள் கூட மாத்தனது இல்ல" என்றேன்.

"ஒரு நாள் கூடவா?"

"ஒரு நாள் கூட."

மூன்று முறை கேட்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஆயா. இதுவரைக்கும் காலேஜுக்குள்ளயேதான் பேசியிருக்கோம். இப்பதான் முதல் தடவையா இந்த ஊர்க்காரங்க முன்னாடி பேசப்போறேன். ஒண்ணு தப்புனு யாராவது சொல்லிட்டா, மத்த எதையும் நம்பமாட்டாங்க."

"ஏம்மே, எம்மேல நம்பிக்க இல்லியா ஒனுக்கு?" என்றேன். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் கூட்டம். பொங்கல் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவர்களுடைய புரொபசர் கடைசி நாற்காலியில் நோட்டோடு இருந்தார். கைபம்புப் பையன் பேசினான். உப்பளப் பையன் பேசும்போது இரண்டு பேர் தூங்கினார்கள், நான் பார்த்தேன். அப்புறம் என் பெண், அந்தக் கண்ணாடிக்காரி, எழுந்தாள். திரையில் என் கூடை பெரிதாகத் தெரிந்தது. "இருபத்தைந்து வருஷத்தில் ஒரு கேரியரைக்கூட இவர் மாற்றிக் கொடுத்ததில்லை" என்றாள். கூடமே கை தட்டியது. கூடை தூக்கிய தலை, குனியாது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நடுவிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பக்கத்தில் அவர் சம்சாரம்.

"ஒரு நிமிசம்மா. எனுக்கு ஒருவாட்டி மாறி வந்துது. புரட்டாசி மாசம். தொறந்தா கருவாட்டுக் கொழம்பு! நான் தொடுவனா? மூடி வச்சுட்டு, தண்ணியக் குடிச்சுட்டு, சாயங்காலம் வரிக்கும் பட்டினியா மெஷின்ல நின்னேன்."

சம்சாரம் பெருமையாகத் தலையாட்டினாள். புரொபசர் பேனாவைத் திறந்தார். என் பெண் என்னைப் பார்த்தாள்.

கிழவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடம் என்னைத்தான் நம்பும். ஆனால் அவள் மூன்று முறை கேட்டாளே. எழுந்தேன்.

"மாறிச்சு கண்ணு. அவுரு சொல்றது நெசந்தான்."

அன்றைக்கு ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது. சங்குக்கு நேரமாகிவிட்டால் நாங்கள் வண்டிக்கு அடியில் புகுந்து போவோம். நிறைந்த கூடை நுழையாது. கேரியரை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் தள்ளி, நானும் தவழ்ந்து போய், திரும்ப அடுக்கினேன். அதில் இரண்டு துணி அவிழ்ந்து விழுந்துவிட்டது. அவசரத்தில் குத்துமதிப்பாகக் கட்டினேன். சாப்பாட்டு நேரம் முடிந்து காலிக் கேரியர் வாங்கும்போதுதான், மாதா கோயில் பக்கத்து வீட்டு நசுங்கிய மூடி இவர் கையில் இருந்ததைப் பார்த்தேன். துணியை மாற்றிக் கட்டி அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதையெல்லாம் கூடத்தில் சொல்லி முடித்தேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"ஆனா யோவ், காலிக் கேரியரு எங்கிட்டதான வந்துது? பட்டினி கெடந்தேன்றியே, அது இன்னாத்துக்குக் கழுவி வச்சாப்ல வந்துது? முள்ளு மட்டுந்தான் இருந்துது. அதுவும் பளபளன்னு!"

கூடம் கொல்லென்று சிரித்தது. சம்சாரம் மெதுவாகத் திரும்பினாள்.

"இன்னாய்யா இது?"

"அது... நாயி கீயி துன்னுருக்கும்."

"நாயி அடுக்கத் தொறந்து துன்னுட்டு, திரும்ப மூடி மாட்டி வச்சுதா? புரட்டாசின்னா எங்க வூட்டுக்காரரு மாதிரி உண்டான்னு நாப்பது வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன்!"

என் பெண் சிரித்துக்கொண்டே, எல்லார் முன்னாலும் காகிதத்தில் ஒரு வரியை அடித்தாள். "இருபத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு முறை" என்று திருத்திப் படித்தாள். பின்னாலிருந்து ஒருத்தி, தன் அம்மாவும் கூட்ஸுக்கு அடியில் போனவள்தான் என்று எழுந்தாள். கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். புரொபசரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்க வந்தார். அவள் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை.

என்னை வீட்டில் விட வரும்போது மட்டும் சண்டை போட்டாள். "ஆறு மாசம் கேட்டேனே ஆயா. கூட்ஸுக்கு அடியில போனத ஏன் சொல்லல?"

"அதச் சொன்னா இதையும் சொல்லணுமே, கண்ணு."

அவள் இதையெல்லாம் புத்தகமாகப் போடப்போகிறாளாம். அதற்கு முன்னால் என் பங்குக்கு நானும் எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு யாரும் தப்பைக் கூட்டிச் சொல்லக் கூடாது.

"ஒரே ஒரு தப்புன்னு எழுதிகினியாடி?"

"மாறிப்போச்சுன்னா ரெண்டு கேரியர் ஆயா" என்கிறாள் என் பேத்தி.

"கேரியரு ரெண்டு. தப்பு ஒண்ணு. எங்க, மொதல்லேந்து படி, கேக்கலாம்."