தரணி செய்த மெர்ஜ்

தரணிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. லிஃப்ட் வருவதற்குள் மாடி ஏறி முடித்திருப்பாள். திருப்பதியில் எங்கள் சின்ன கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரி என்பதால் அவளைத் திட்டும் உரிமை எனக்கு முழுசாக உண்டு. ஆனால் பாம்புக்கடி மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று காட்டும் ஆப் அவள் யோசனைதான். பிச்சாட்டூர் பக்கம் அவள் ஊரில் ஒரு பெண் மருந்து தேடி அலைந்தே செத்துப்போனாளாம். வேர்க்கடலை பயிரிடும் அவள் நைனா கோவர்த்தனன்தான் ஆப்பை முதலில் போனில் ஏற்றிக்கொண்டவர். வயலில் எதிர்ப்படுகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டுவாராம்.

அதை அவளும் எங்கள் ஆபீஸ் ஸ்ரீஹரியும் சேர்ந்து எழுதினார்கள். எங்கள் வேலையில் ஆளுக்கொரு பிராஞ்ச். அசலைத் தொடாமல் தன் நகலில் எழுதி, கடைசியில் அசலோடு சேர்க்கவேண்டும், அதுதான் மெர்ஜ். இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால் மெர்ஜ் நின்றுவிடும். யார் எழுதியது இருக்கட்டும் என்று கேட்கும். அப்போது இருவரும் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

அன்று காலை அப்படித்தான் நின்றது. ஆஸ்பத்திரி பெயர்கள் உள்ள கோப்பில் இருவருமே கை வைத்திருந்தார்கள். ஸ்ரீஹரியோ மகனுக்கு மொட்டை போடத் திருமலைக்குப் போயிருந்தான். தரிசன வரிசைக்குள் நுழையுமுன் போனைக் கவுண்டரில் கொடுத்துவிட வேண்டுமே, எத்தனை முறை கூப்பிட்டாலும் யார் எடுப்பது? அவசரமாகக் கிளம்பிய அந்த மனுஷனும் தன் மாற்றத்தை அசலில் சேர்த்துவிட்டு, 'சின்ன திருத்தம்' என்று மட்டும் குறிப்பு எழுதி வைத்திருந்தான். அவன் வரட்டுமே என்றேன். சின்ன திருத்தம்தானே, அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அவனுடையதைப் படித்துக்கூடப் பார்க்காமல் தன்னுடையதே இருக்கட்டும் என்று அழுத்திவிட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. புது ஆப் உடனே எல்லார் போனுக்கும் போய்விட்டது.

மத்தியானம் அவள் தம்பி யஸ்வந்த் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

"அக்கா, நைனாவ பாம்பு கடிச்சிடுச்சி. நேரா திருப்பதிக்கே போலாம்னு சொன்னேன், கேக்கல. எம்பொண்ணு போட்டதுல பக்கத்திலயே மருந்து இருக்குதுன்னு காட்டுது, அங்கயே போடான்னாரு. வந்து பார்த்தா இங்க மருந்து இல்லியாம்க்கா."

தரணி திரையைத் திருப்பி ஸ்ரீஹரியின் பிராஞ்சைத் திறந்தாள். அந்தச் சின்ன திருத்தத்தில் இருந்தது ஒரே ஒரு நீக்கம். மருந்து தீர்ந்துபோன அதே ஆஸ்பத்திரியின் பெயரை அவன் எடுத்திருந்தான். அவள் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அழுவாள் என்று நினைத்தேன்.

"மொதல்ல அந்த மெர்ஜை எடுத்துடு பத்மினி. வேற யாராவது அங்க போய்க்கினு இருப்பாங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அவசரத்தில் கடவுச்சொல்லைத் தப்புத்தப்பாக அடித்தேன். ஒருவழியாக மெர்ஜை எடுத்துவிட்டு நானும் ஓடினேன்.

ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டுவந்தபோது அவருக்கு இமை தூக்க முடியவில்லை. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். இவ்வளவு லேட்டாகவா கொண்டுவருவது என்று டாக்டர் யஸ்வந்தைத் திட்டினார். அவன் அக்கா பக்கம் திரும்பாமல் நின்றான், பாவம். சாயங்காலம்தான் டாக்டர் வந்து, பிழைத்துக்கொள்வார் என்றார். தரணி சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் ஸ்ரீஹரி கூப்பிட்டான். அவள் போனை எடுக்கும் நிலையில் இல்லை, நான்தான் எடுத்து அவள் காதருகே பிடித்தேன். மொட்டை, தரிசனம் எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம், குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இத்தினி தடவ கூப்ட்டிருக்கியே, இன்னா விஷயம்? ஆமா, அந்த ஆஸ்பத்திரி பேர எடுத்திருந்தேனே, பார்த்தியா?"

"நான் பார்க்கல அண்ணா," என்றாள் தரணி. "எங்க நைனாதான் பார்த்தாரு."