வலி போய்விட்டது என்றார்கள்

பங்கஜம் டீச்சர் காய்ச்சலில் போய்விட்டார் என்று பள்ளிக்கூடத்து ஆயா வந்து சொன்னதும் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். வாசலிலேயே அவருடைய மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நொண்டிக் காலோட இருந்தாலும் எம் மருமகளை ராணி மாதிரி வச்சிருந்தோம்ங்க" என்று அழுதார். கையை உதறிவிட்டு உள்ளே போனேன். பள்ளி மலருக்கு அஞ்சலி எழுதச் சொன்னவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வராது.

திருச்சியில் நம் பெண்கள் பள்ளியில் அவர் டிரில் டீச்சர், நான் கணக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு காலை, கிணற்றடியில் நிறைகுடத்தைத் தூக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. இடுப்பில் தொடங்கிய வலி தொடை வழியாகக் கால் கட்டைவிரல் வரை இழுத்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை. கணவர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பாருங்க. வேலைக்கு டிமிக்கி." நம் ஆசிரியர் அறையும் சும்மா இருக்கவில்லை. டிரில் டீச்சருக்கே இடுப்பு வலியா என்று சிரித்தவர்கள் இதைப் படிக்கும்போது தங்களை அடையாளம் கண்டுகொள்ளட்டும்.

பிறக்கும்போது தலைக்கு முன் கால் வெளியே வந்தவர் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அப்படிப் பிறந்த கொழுந்தனாரைத் துறையூரிலிருந்து வரவழைத்தார்கள். நான் பார்க்கப் போயிருந்த அன்றுதான் அது நடந்தது. வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார் அந்த மனிதர். குப்புறப் படுக்கவைக்கப்பட்டிருந்த பங்கஜம், "எனக்கு வலிக்குதுன்னு நான் சொன்னா போதாதா? உதையும் வாங்கணுமா?" என்று கேட்டார். நான் குறுக்கே போனேன். படித்த திமிர் என்று மாமியார் என்னைப் பிடித்து இழுத்தார். உதை விழுந்தது. அலறி ஓய்ந்த பிறகு பங்கஜம் மெதுவாக, "வலி தெரியல. காலும் தெரியல" என்றார். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வீடே மகிழ்ந்தது.

அதன்பின் அந்தப் பாதம் எழும்பவே இல்லை, தரையில் இழுபட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி டிஸ்க்னு ஒண்ணு இருக்கு. அது பிதுங்கி நரம்பை அழுத்தியிருக்கு. எக்ஸ்ரேயில எலும்புதான் தெரியும், இது தெரியாது. படுத்து ஓய்வு எடுத்திருந்தா பெரும்பாலும் சரியாப் போயிருக்கும். இப்ப நரம்பு நசுங்கிடுச்சு. அதான் வலியும் இல்ல, பாதமும் தூக்க வரல." கணவர் கேட்டது ஒரே கேள்விதான். "அப்ப இவ நடிக்கலையா?"

பள்ளியில் அவரைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்கள். வயிற்று வலி என்று வரும் பெண்களை நாமெல்லாம் விரட்டுவோம். அவர் உட்காரவைத்து, "எங்க வலிக்குது, சொல்லு" என்று கேட்பார். நம்மிடம், "பொய்யா இருந்தா ஒரு வகுப்புதான் போகும். நிஜமா இருந்தா?" என்பார்.

பத்தாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொழுந்தனார் முன் வந்து நின்றார். "எங்க அண்ணிக்கே என் காலாலதான் வலி போச்சு" என்று அவர் எழுந்தார். அப்போது என் வாயில் வந்ததை அச்சில் போட முடியாது. அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, பஸ்ஸில் உட்காரவைத்து, "எங்க வலிக்குது, சொல்லுங்க" என்றேன். ஆஸ்பத்திரி வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

பங்கஜம் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்விதான். அந்த வீட்டில் அவரிடம் இதை ஒருவரும் கேட்கவில்லை.