காலி அறைக்குப் போன எலி

என் தம்பி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அதனால்தான் நாற்பது வருஷமாகப் பொத்தி வைத்திருக்கிறான். விசேஷ வீட்டுக்குக் கூட்டிப்போனால் செருப்பு விடுகிற இடத்தோடு சரி, உள்ளே வரமாட்டான். மூளையில் ஏதோ நட்டு கழன்றிருக்கிறது என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கூடப் பிறந்தவள் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

வேலையும் அவனுக்குத் தோதாகவே அமைந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக் கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர் வைப்பது. அங்கே ஒரு டாக்டரம்மா. சிலர் ஏன் கூட்டத்தோடு ஒட்டுகிறார்கள், சிலர் ஏன் ஒதுங்குகிறார்கள், மூளையில் எந்த இடம் அதற்குக் காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. பழகும் வித்தையைக் கரைத்துக் குடித்த அந்த அம்மா, ஆறு மாதத்தில் என் தம்பியிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டதில்லை.

சோதனைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் மூன்று அறை. நடுவில் ஓர் எலியை விடுவார்கள். வலப்பக்கம் துணைக்கு இன்னொரு எலி, இடப்பக்கம் காலி. காது கிழிந்த எலி ஒன்று மட்டும் தினமும் காலி அறைக்கே போய் உட்கார்ந்தது. டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெள்ளிக்கிழமை அதைக் கொன்று மூளையைச் சீவிப் பார்ப்பதென்று நாள் குறித்துவிட்டார்.

தம்பிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை வாயைத் திறந்தான்.

"மேடம், அது காலி ரூமுக்குப் போகலை. நான் நின்னு கூண்டு கழுவுற பக்கமா வருது. தாய் ஒதுக்கின குட்டி, நான்தான் பால் குடுத்து வளர்த்தேன்."

அவனை வலப்பக்கம் நிற்கவைத்தார்கள். எலியும் வலப்பக்கம் ஓடியது. திரும்ப இடப்பக்கம் நிறுத்தினார்கள், அதுவும் திரும்பியது. அந்த எலியைப் பற்றி எழுதி வைத்ததெல்லாம் குப்பைக்கூடைக்குப் போனது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா பாய்ந்தார்.

"நீங்க கேக்கலையே."

எலி பிழைத்தது. டாக்டரம்மா வேறொரு ஒதுங்கியைத் தேடுகிறார்.

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். படித்த லட்சணம் இவ்வளவுதானா என்று வாய் வலிக்கப் பேசினேன். அந்தச் சிரிப்போடு, செருப்பு விடுகிற இடத்தில் அப்படி என்னடா புதையல் இருக்கிறது என்று அவனைச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டும் வைத்தேன்.

"உள்ள ஒரே சத்தம்க்கா, தலைக்குள்ள இடிக்குது. எப்படியும் நீ செருப்பு மாட்ட வருவேல்ல, அப்ப உங்கூட ரெண்டு வார்த்தை பேசலாம்னு நிப்பேன்."

இத்தனை வருஷமும் செருப்பை மாட்டிக்கொண்டே நான் அவனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கிளம்புடா, நேரமாச்சு.