அந்தோணி காத்திருந்த அரை நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "எதிராத்துக்கு ஃபோன் வந்துதாம், பட்டறைலேர்ந்து. அந்தோணி போயிட்டாராம்" என்றாள்.

"எந்த அந்தோணி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த அந்தோணி ஒருவர்தான். அது அவளுக்கும் தெரியும். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். முந்தின நாள் மாலை நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

கல்லறைத் தோட்டத்தில் பட்டறைக்காரர்களான உங்களில் பலரைப் பார்த்தேன். இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். என்னால் முடியவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது. நான் நினைவில் வைத்திருப்பது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. தவறிருந்தால் திருத்துங்கள்.

வேறொரு நிறுவனத்தில் நாற்பது ஆண்டுகள் இயந்திர வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற பிறகு, அடையாற்றில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் நம் பட்டறைக்கு வந்தேன். அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும் மாற்றி அமைப்பதும் அங்கே வேலை. அந்தோணி ஃபோர்மேன். பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம். ஆனால் அவர் கடலுக்குப் போனதில்லை. முதல் வாரமே நான் போட்ட படம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"இத்த போட்டது நீயா சாரு? எய்ந்து வா. மிஷினாண்ட வந்து நில்லு. நீ சொன்னாதான் ஓட்டுவேன்."

"அதான் கையெழுத்துப் போட்டிருக்கேனே?"

"கையெயுத்து மிஷினுக்கு இன்னா தெரியும்? வாயால சொல்லு."

அது அவர் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் ஓட்டத்துக்கு, வரைந்தவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். வாய் திறந்து சொல்ல வேண்டும். முதலாளி சொன்னாலும் செல்லாது. எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. நாற்பது ஆண்டும் கோப்புகளில் "பரிசீலிக்கலாம்" என்று எழுதியே பிழைத்தவன் நான். "நம்ம சாரு ரோட்ட தாண்றதுக்கே படம் போடுவாரு" என்று அவர் சொல்லிச் சிரித்தபோது நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அது உண்மைதான்.

மெட்ராஸ் என்ற பெயர் போய்ச் சென்னை என்று ஆன சில மாதங்களில், ஒரு தை மாதம், அந்தப் பெரிய வேலை வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய வெளிநாட்டு இயந்திரம். அதன் வயிற்றில் நீளவாக்கில் ஒரு ரோட்டர், இரும்புக் கூண்டுக்குள் சுழலும். அறுத்த பயிர் உள்ளே போனால் ரோட்டரில் உள்ள பட்டைகள் அடித்து நெல்லை உதிர்க்கும். ஆனால் அது காய்ந்த கோதுமைக்குச் செய்த இயந்திரம். நம் ஈரச் சம்பா வைக்கோல் அதன் வாயிலேயே கட்டியாக நின்றுவிடும். பிறகு மொத்தமாக உள்ளே புகுந்து எஞ்சினைத் திணறடிக்கும்; உதிராத நெல் வைக்கோலோடு வெளியே போகும். ரோட்டரின் முன்பக்கத்தில் பயிரை இழுத்துக்கொள்ளச் சாய்வான மூன்று இறக்கைகளும், நேர் வரிசைக்குப் பதிலாகச் சுருளாகச் சுற்றிவரும் பட்டைகளும் வரைந்தேன். அந்தோணி அவற்றைச் செய்து மாட்டினார். இது ஓடாவிட்டால், இயந்திரங்களை மாற்றி அமைக்கும் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

சோதனைக்காகச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து லாரியில் நெற்கட்டுகள் வந்தன. தண்ணீர் தெளித்து ஈரமாக்கினோம். இயந்திரத்தின் சொந்தக்காரர் தி.நகர் லாட்ஜிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி இடுப்பிலிருந்த பேஜரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணி பெல்ட்டைக் கையால் இழுத்து ரோட்டரை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். எங்கும் உரசவில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியது. அவர் பலகைமேல் ஏறி, ஈரக் கட்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, இயந்திரத்தின் வாய்க்கு நேரே நின்றார்.

அப்போதுதான், வாய் வழியே தெரிந்த கூண்டின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு மின்னுவதைப் பார்த்தேன். பெயின்ட் உரிந்த இடமா, தகட்டின் விளிம்பா? தகடு என்றால், கூண்டுக்கு உள்ளே யாரோ புதிதாகத் தகடு அடித்திருக்கிறார்கள். நான் கூண்டை அளக்கவில்லை. பழைய படத்திலிருந்த அளவை நம்பி, இறக்கை நுனிக்கும் கூண்டுக்கும் நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர் விட்டிருந்தேன். தகடு அதில் பாதியைத் தின்றிருக்கும். வெறுமனே சுழலும்போது இடிக்காது. ஈர வைக்கோல் நடுவில் செருகினால் இறக்கை பிய்யும். கட்டைப் பிடித்திருக்கும் கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு பிய்யும்.

"சாரு, போட்டுடவா?"

அது வெறும் பெயின்டாக இருந்தால்? இத்தனை பேர் முன்னால், எதற்கும் பயப்படுகிற கிழவன் இதையும் கெடுத்தான் என்று ஆகுமே என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"போடுப்பா, என்ன பாத்துண்டு நிக்கறே?" என்றார் முதலாளி.

"சாரு சொல்லட்டும் மொதலாளி."

"நான் சொல்றேன், போடு!"

"படம் போட்டது நீங்களா?"

தஞ்சாவூர்க்காரர் நாற்காலியில் நெளிந்தார். "ஏங்க, ராகு காலம் முடியட்டும்னு நிக்கிறீங்களா?"

அந்தோணி அவர்களைப் பார்க்கவில்லை. கட்டிலிருந்து தண்ணீர் அவர் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. "இன்னா சாரு, பேயறஞ்ச மாறி நிக்கிற? உண்டுன்னா உண்டுன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. கை வலிக்குது."

"வேண்டாம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"கேக்கல!"

"வேண்டாம்! நிறுத்துங்கோ!"

எஞ்சின் நின்றது. மேல்மூடியைக் கழற்றி இடைவெளியை அளந்தார்கள். ஐந்தரை. முதலாளி என் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுது. அளக்காம வரைஞ்சுட்டேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தோணி குறுக்கே வந்தார்.

"தகடு அடிச்சது நானு. போன வருசம் இதே மிஷின் ரிப்பேருக்கு வந்தப்போ. சார்கிட்ட சொல்லாதது என் தப்பு."

"இல்லை, அளக்க வேண்டியவன் நான்."

"இன்னா சாரு, இதுலகூட பங்கு குடுக்க மாட்டியா?"

தஞ்சாவூர்க்காரர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. சனிக்கிழமை வரை பார்ப்பேன், அதற்குமேல் இல்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று டீக்கடையில் அந்தோணியிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், சந்தேகம் இருந்தால் கட்டைக் கீழே வைத்துவிட்டு இறங்கியிருக்கலாமே என்று.

"எனக்கு இன்னா சந்தேகம்? தகடு அடிச்சதே மறந்து பூட்சி. ஒம் மூஞ்சிதான் சரியில்ல. பயமில்லாதவன் கட்டுமரத்துல நான் ஏற மாட்டேன் சாரு. ஆனா பயந்தவன் வாயத் தொறக்கணும். இல்லாங்காட்டி அவன் பயந்து இன்னா பிரயோஜனம்?"

மூன்று நாளில் இறக்கைகளின் நுனியைச் சீராகத் தேய்த்துக் குறைத்தார். எடை மாறாமல் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நான் கூண்டுக்குள் தலையை விட்டு மூன்று முறை அளந்தேன். நான்காம் முறை போனபோது, "போதும் சாரு, பொண்ணா பாக்குற?" என்றார். சனிக்கிழமை மறுபடி எல்லோரும் கூடினார்கள். மறுபடி பலகை, ஈரக் கட்டு, அதே கேள்வி. என் பயம் குறைந்திருக்கவில்லை. வேறு எதையாவது அளக்க மறந்திருப்பேனோ என்று எல்லா அளவையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன், அவர் கைகளைப் பார்த்தேன். "போடுங்கோ" என்றேன்.

கட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வழக்கமான 'தொம்' என்ற இடி இல்லை. ஒரே சீரான சத்தம். தஞ்சாவூர்க்காரர் எழுந்து போய்ப் பின்னால் விழுந்த வைக்கோலை அள்ளி, உள்ளங்கையில் கசக்கி, நெல் இருக்கிறதா என்று வெகுநேரம் தேடினார். பிறகு, "இன்னொரு கட்டு போடுங்க" என்றார். பாராட்டு அவ்வளவுதான். அந்தோணி பலகையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இந்தப் புதன்கிழமை, அடக்கத்துக்கு முன், அவர் விரல்களைக் கோத்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். அருகில் நின்று எண்ணினேன். பத்தும் இருந்தன.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது 'வேண்டாம்' என்ற ஒரு சொல். அதற்குமுன் அதை எந்த மேலதிகாரி முன்பும் நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.