ரோஜாக் கொட்டகைக்குக் கீழே தண்ணீர்

வீட்டுக்குப் பின்னால் செடி வளர்த்து விற்பவள் அவள். லாரித் தண்ணீர் வராத நாளில் துணி அலசிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றாமல் விடமாட்டாள். அதனால் தெருவில் அவளுக்குச் 'சொட்டு அக்கா' என்று பேர்.

ஆழ்துளைக் கிணறு போடுவது என்று அவள் முடிவெடுத்ததும் வீடு களைகட்டிவிட்டது. கொழுந்தன் அன்றைக்கே ஒருவரைக் கூட்டி வந்தான்.

"அண்ணி, இவர் நாளைக்கே மெஷினை இறக்கிடுவார்."

"லைசென்ஸ் இருக்குங்களா?"

"மண்ணைத் தோண்ட எதுக்கும்மா லைசென்ஸ்?" என்றார் வந்தவர்.

"தோண்ட இல்லீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைத் தேடிப் பிடிக்க."

கொடுத்த காபியைக் குடிக்காமலே ஆள் நழுவிவிட்டார்.

அவளே விசாரித்து, உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர் ஒருவரை வரவழைத்தாள். உரிமத்திலிருந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மீசையைக் காணோமே?"

"வீட்டுக்காரம்மா உத்தரவுங்க."

ஆளை அவளுக்குப் பிடித்துப்போனது. ஆனால் அவள் குறித்து வைத்த இடத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கழிவுநீர்த் தொட்டி பக்கத்துல இருக்கு. இங்க போட மாட்டேன். அந்த ரோஜாக் கொட்டகை இருக்கிற இடம்னா சரி."

ஆசை ஆசையாகக் கட்டிய கொட்டகை! கணவர் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தார். அவளோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் தொட்டியைத் தூக்கிவிட்டாள்.

"நின்னு பார்த்தா ஆச்சா? பிடிங்க அந்தப் பக்கம்!"

துளையிடும் நாளில் தெருவே மதிலுக்கு மேல் தலையை நீட்டியது. தூசி பறந்தது. வெறும் தூசிதான். எல்லோரும் மாவில் புரண்டவர்கள் மாதிரி ஆனார்கள். குழாய் மேல் குழாயாக இறங்கியும் ஈரத்தைக் காணோம்.

"நான் அப்பவே சொன்னேன், அண்ணி..."

"வாயை மூடு, தூசி உள்ள போயிடப் போகுது."

திடீரென்று இயந்திரத்தின் சத்தம் மாறியது. தூசி சேறாயிற்று. அடுத்த நொடி பீறிட்டு வந்தது தண்ணீர்! அவள் கத்திக்கொண்டே அதற்குள் ஓடினாள், பின்னாலேயே கணவரும்.

"குடிச்சிடாதீங்க! சோதனை பண்ணணும்!" என்று அலறினார் ஒப்பந்தக்காரர்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்காலேயே சிரித்தாள்.

துளைக்குள் உறைக்குழாய் இறக்கி, பம்பும் பொருத்தியாயிற்று. தண்ணீர் நல்லது என்று சோதனை முடிவும் வந்தது. அன்று ஒப்பந்தக்காரருக்கு முதல் தம்ளரைக் கொடுத்தாள். தனக்கு ஒன்று பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

அவள் தம்ளரை மறுபடியும் குழாயடியில் நீட்டினாள்.